கழுத்தளவு வெந்நீர்

"கை முத்தம், பெரியம்மா!"

ஆவிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்ததும் ஷரோல்தா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாராவது கிழவி வருகிறாளோ என்று... யாருமில்லை. பளிங்குத் தாழ்வாரத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். தலையில் துண்டுக் கட்டு, உடம்பில் ஓட்டலின் தடித்த வெள்ளை அங்கி, காலில் மெத்துச் செருப்பு.

எதிரே அதே அங்கியில் ஓர் உயரமான ஆள். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, கண் இருக்குமிடமே தெரியவில்லை. மகா மரியாதையாகச் சுவரோரம் ஒதுங்கி, தலையைக் குனிந்து வழிவிட்டுக்கொண்டிருந்தான்.

கை முத்தமாம்... பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாடிவீட்டு மாமிக்குச் சொல்லும் வணக்கம் அது! வளர்ந்த ஆம்பளை சொன்னால், தன் அம்மா வயசுக்காரிக்குத்தான் சொல்லுவான். முப்பத்தாறு வயசுக்காரியிடம் சொன்னால் என்ன அர்த்தம்?

"உங்களுக்கு என்ன வயசு?" என்றாள்.

"எனக்கா? முப்பத்து மூணு."

"அப்படியா... உங்க கண் டாக்டருக்கு என்னோட கை முத்தத்தைச் சொல்லுங்க!"

செருப்பு தரையில் பட் பட்டென்று அடிக்க, அவள் போய்விட்டாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் தாழ்வாரத்தில் வெறும் ஆவிதான் மிச்சமிருந்தது.

ஹேவீஸில் அது ஜனவரி மாதம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் ஏரி மட்டும் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் புகைந்துகொண்டிருந்தது. ஏரியைப் பார்த்த அந்தப் பெரிய ஓட்டலில் பத்து நாள் தங்க ஷரோல்தாவையும் அவள் அம்மா கிஸெல்லாவையும் அனுப்பிவைத்தவன் அவளுடைய அண்ணன். அம்மாவுக்கு முட்டி. மகளுக்குக் கழுத்து. எகெர் பக்கத்துத் தேவாலயங்களின் கூரை ஓவியங்களைச் சீர்படுத்துவது ஷரோல்தாவின் வேலை. சாரத்தின் மேல் நின்று அண்ணாந்தபடியே பன்னிரண்டு வருடம் தேவதைகளுக்கு வண்ணம் தீட்டினால் கழுத்து என்னாகும்?

ஆனால் அம்மாவைக் கேட்டால் வேறு நோய் சொல்லுவாள். ஐந்து வருடம் பழகி, மண்டபம் பேசி, அழைப்பிதழும் அச்சடித்த பிறகு, "எனக்குக் கொஞ்சம் யோசிக்கணும்" என்று கிளம்பிப் போனான் ஒருவன். இரண்டு வருடமாக இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். அதிலிருந்து சொந்தக்காரர் வாயில் அவள் பெயர் வெறும் ஷாரி இல்லை... 'பாவம் ஷாரி'. அந்த ஒரு வார்த்தையைத்தான் ஷரோல்தாவால் தாங்க முடியவில்லை. போனவனைக்கூட மன்னித்துவிட்டாள். பாவம் என்றவர்களை மன்னிக்கவில்லை.

ஒன்பது இருபதுக்கு அவளுக்கு எடைக்குளியல். அதற்குப் பொறுப்பு யோலி அக்கா. முப்பது வருடமாக அதே வேலையில் இருக்கும், தோள் அகன்ற, சத்தமான பெண்மணி.

எடைக்குளியல் என்றால் மனிதர்களை வரிசையாகத் தொங்கவிடுவது. கழுத்துக்கு ஒரு பட்டை, அக்குளுக்கு இரண்டு கம்பிகள், கணுக்காலில் ஈயக் கட்டிகள். கழுத்தளவு வெந்நீரில் இருபது நிமிடம் அப்படியே கிடந்தால், முதுகெலும்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொடுக்கும். தலையைத் திருப்ப முடியாது. கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் முடியாது.

"வணக்கம்," என்றது வலப்பக்கத்துத் தலை. "புதுசா?"

எங்கேயோ கேட்ட குரல்... ஓரக்கண்ணால் பார்த்தாள். அவனேதான்! கண்ணாடி இல்லாமல், எதிர்ச் சுவரைக் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ம்," என்றாள்.

"பயப்படாதீங்க. முதல் நாள் தூக்குல போட்ட மாதிரிதான் இருக்கும். ரெண்டாம் நாள் பழகிடும்."

"நீங்க எத்தனை நாளா தொங்குறீங்க?"

"நானும் இன்னிக்குத்தான் முதல் நாள்."

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கண்ணாடி இல்லேன்னா எனக்கு உலகமே கஞ்சிதாங்க," அவன் தொடர்ந்தான். "கண்ணாடி இருந்தாலும் இங்க ஆவி. காலையில பாருங்க, தாழ்வாரத்துல ஒரு பெரியம்மா. மரியாதையா கை முத்தம் சொன்னேன். என் கண் டாக்டர் வரைக்கும் இழுத்துட்டாங்க! வயசானவங்க... முட்டி வலி போல."

"முட்டி வலி இல்ல. கழுத்து வலி."

"அவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். இப்ப உங்க இடப்பக்கம் தொங்கிக்கிட்டிருக்காங்க."

வெந்நீர் குபுக் குபுக் என்றது. பிறகு மிக மெல்லிய குரலில்...

"யோலி அக்கா... என்னைக் கொஞ்சம் அவுத்துவிடுங்களேன்."

"இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு, டாக்டர் தம்பி. பேசாம தொங்குங்க!"

அவ்வளவுதான். ஷரோல்தாவுக்கு அடக்க முடியவில்லை. கழுத்துப் பட்டை பிடித்திழுக்க, கண்ணில் நீர் வழிய, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரித்த அலையில் வரிசை முழுவதும் ஆடியது. கடைசியில் தொங்கிய ஒரு மாமி, "யாருடி அது, கடல்ல போறாப்ல இருக்கு!" என்று அதட்டினாள். இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று ஷரோல்தாவே திகைத்துப் போனாள்.

அவன் பெயர் தேனெஷ். வெஸ்ப்ரேமில் பல் மருத்துவன்.

"நாள் பூரா குனிஞ்சு குனிஞ்சு அடுத்தவங்க வாயைப் பாத்தே என் கழுத்து போச்சு," என்றான் மறுநாள், தொங்கியபடி.

"அண்ணாந்து தேவதைங்களைப் பாத்து என் கழுத்து போச்சு."

"அப்ப நீங்க சொர்க்கம், நான் நரகம்."

"தேவதைங்களுக்கும் பல் இருக்கு, டாக்டர். ஒருத்திக்கு முன் பல்லே உதிர்ந்து கிடந்தது. நான்தான் கட்டினேன்."

"மயக்க ஊசி போடாமலா? கொடுமைக்காரி!"

இருபது நிமிடம் இரண்டு நிமிடமாய் ஓடியது. குளியல் முடிந்து, சரவிளக்குக் கூடத்தில் கிரீம் மிதக்கும் காபி. அதற்குப் பிறகு பனியில் ஏரியைச் சுற்றி ஒரு நடை... அவன் கண்ணாடியைத் துடைப்பதற்காகக் கழற்றும் அந்த ஒரு நொடிக்காக அவள் காத்திருக்கத் தொடங்கினாள். சாம்பல் நிறக் கண்கள். கண்ணாடி இல்லாவிட்டால், வழி தெரியாதவன் போல விழிக்கும் கண்கள்.

"கிட்ட இருந்தா எனக்கு எல்லாம் தெரியும்," என்றான் ஒரு நாள், காபி மேசைக்குக் குறுக்கே சாய்ந்து. "உங்க இடது கடைவாய்ப் பல் அடைச்சிருக்கு. வலது கன்னத்துல ஒரு மச்சம். இப்ப... காது சிவக்குது."

"வெயில்."

"ஜனவரியில?"

அடக்கடவுளே, என்று நினைத்துக்கொண்டாள் ஷரோல்தா. எனக்கு என்ன ஆயிற்று? மூன்று வயசு சின்னவன்... நாலு நாள் பழக்கம்... போதும் ஷாரி, ஒரு தடவை பட்டது போதும்.

போதும் என்று மனதுக்குச் சொன்னால் மனது கேட்கிறதா?

ஆறாம் நாள் அந்தக் காரியம் நடந்தது.

தவக்காலத்துக்கு முந்தைய திருவிழாக் காலம் தொடங்கியிருந்தது. மாலையில் கூடத்துக்கு ஃபாங்க் வந்தது. பொன்னிறமாய்ப் பொரித்து, நடுவில் வெள்ளை நாடா ஓடி, மேலே சர்க்கரைப் பொடி தூவிய உருண்டைப் பணியாரம். உள்ளே ஆப்ரிகாட் ஜாம். மாமிகள் ரம்மி ஆடிக்கொண்டே தட்டைக் காலி செய்துவிட்டார்கள். கடைசி ஒன்றுக்கு இரண்டு கைகள் நீண்டன. அவளுடையது ஒன்று, அவனுடையது ஒன்று.

"நீங்க எடுத்துக்கங்க," என்றான்.

"சண்டை எதுக்கு? பாதி பாதி," என்று சொல்லி, எதையும் யோசிக்காமல் பிட்டு, ஒரு பாதியை அவனிடம் நீட்டினாள்.

கூடத்தில் சீட்டுக் கலைக்கும் சத்தம் நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ! திருவிழாக் காலத்தில் பெண் பிட்டுக் கொடுத்த ஃபாங்க்கை ஆண் வாங்கித் தின்றால் நிச்சயதார்த்தம் ஆன மாதிரி என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியுமே! மோதிரம் மாற்றுவதும் அதுவும் ஒன்றுதான் என்று அந்தக் காலத்து ஆட்கள் சத்தியம் செய்வார்கள். இந்த மாமிகள் எல்லோரும் அந்தக் காலத்து ஆட்கள்.

"நான்... மறந்தே போயிட்டேன்..." கையைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தாள்.

தேனெஷ் விடவில்லை. அந்தப் பாதியை வாங்கினான். அவள் கண்ணைப் பார்த்தான். பிறகு அவசரமே இல்லாமல், ஒரு துளி ஜாமைக்கூட விடாமல், முழுவதையும் தின்றான். மூக்கு நுனியில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

"நல்லா இருந்தது," என்றான்.

மாமிகள் கை தட்டினார்கள். ஒருத்தி சீட்டைத் தூக்கி எறிந்தே விட்டாள். ஷரோல்தா முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள்... ஓடும்போது படிக்கட்டில் சிரித்துக்கொண்டே ஓடினாள் என்பதை யாரும் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் காலை, குளித்துவிட்டுப் பாதி வழி வந்தவள், சீப்பை மறந்துவிட்டேனே என்று திரும்பிப் போனாள். யோலி அக்காவின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

"என் கைராசி எப்படி, கிஸெல்லாம்மா? நீங்க குடுத்த கசகசாச் சுருள் பலகாரத்துக்கு ஏத்த வேலை பாத்துட்டேன் இல்ல?"

"மெதுவாப் பேசு!" அது அம்மாவின் குரல்.

"முதல் நாளே இடத்தை மாத்தி, பல் டாக்டர் பக்கத்துல போட்டேன். அவர் காதுலயும் போட்டு வச்சேன்... கல்யாணம் நின்னுபோன பொண்ணு, பாவம், கொஞ்சம் பேசி சிரிக்க வையுங்கன்னு..."

பாவம்.

ஷரோல்தா சீப்பை எடுக்கவில்லை. ஈரத் தலையோடு வெளியே வந்தாள். ஏரிப் பாலத்தில் தேனெஷ் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியையே அவளால் இப்போது நம்ப முடியவில்லை.

"தொப்பி இல்லாம வந்துட்டீங்களே! சளி பிடிக்கும்..."

"யோலி அக்கா உங்ககிட்ட என்னைப் பத்தி சொன்னாங்களா? முதல் நாளே?"

அவன் தயங்கினான். பொய் சொல்லத் தெரியாத முகம். "சொன்னாங்க. ஆனா..."

"பேசச் சொன்னாங்க. பேசினீங்க. ஃபாங்க்கைத் தின்னதும் பாவம் பாத்துத்தானா?"

"ஷரோல்தா, ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

"எனக்கு இரக்கம் வேண்டாம், டாக்டர். எங்க ஊர்லயே அது நிறையக் கிடைக்குது."

திரும்பி நடந்தாள். பின்னால் அவன் இரண்டு தடவை கூப்பிட்டான். நிற்கச் சொல்லிக் கால் கெஞ்சியது. தலை ஒத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு ஊருக்குப் போறோம்," என்றாள் அம்மாவிடம்.

கிஸெல்லா கட்டிலில் உட்கார்ந்தபடி, மகள் பெட்டிக்குள் துணிகளைத் திணிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் செஞ்சது தப்புதான்," என்றாள் கடைசியில். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன், ஷாரி. மாப்பிள்ளை பிடிக்கிறதுக்காக நான் அந்தச் சுருளைக் குடுக்கல. நீ வாய்விட்டுச் சிரிச்சு ரெண்டு வருஷம் ஆச்சுடி. ஒரு தடவை கேக்கணும்னு இருந்தது. அவ்வளவுதான்."

ஷரோல்தா பெட்டியை அழுத்தி மூடினாள். பெட்டியின் பூட்டு மூன்று தடவை முயன்ற பிறகுதான் விழுந்தது.

மறுநாள் காலை அம்மா காரில் உட்கார்ந்து இஞ்சினைச் சூடேற்றிக்கொண்டிருக்க, ஷரோல்தா அங்கியையும் குளியல் அட்டையையும் ஒப்படைக்கப் போனாள். யோலி அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்டியில் இருந்த அட்டைகளைச் சும்மா முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது இருபது என்று எழுதிய அட்டைகளில் மேலே இருந்தது தேனெஷின் அட்டை. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். ஐந்து முத்திரைகள். கீழே பெரிய டாக்டரின் சிவப்புப் பென்சில் எழுத்து... 'கழுத்து சரியாகிவிட்டது. இனி எடை கட்டக் கூடாது.'

"யோலி அக்கா... இவருக்கு அஞ்சு நாள்தானா?"

"அஞ்சுதான்."

"அப்ப ஆறாம் நாளு... ஏழாம் நாளு... நேத்திக்கு? என் பக்கத்துல தொங்கினாரே!"

"அதை ஏன் கேக்குற, கண்ணு!" யோலி அக்காவுக்கு வாய் திறந்துகொண்டது. "என்கிட்ட வந்து கெஞ்சறாரு. எடை வேண்டாம்க்கா, சும்மா மாட்டி மட்டும் விடுங்க, அந்த இடத்தை வேற யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு... முப்பது வருஷத்துல எவ்வளவோ பேரைத் தொங்கவிட்டிருக்கேன். எப்ப இறக்கிவிடுவீங்கன்னுதான் எல்லாரும் கெஞ்சுவாங்க. தொங்கவிடச் சொல்லிக் கெஞ்சின ஒரே ஆளு இவருதான். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற!"

ஷரோல்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு?"

"இன்னிக்கும் தொங்குறாரு. நீ வரமாட்டேன்னு சொன்னேன். இருக்கட்டும்ங்கறாரு."

அடுத்த நொடி அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்தாள்.

"பூட்ஸ்! அடியே, பூட்ஸைக் கழட்டு!" என்று யோலி அக்கா கத்தினாள்.

பூட்ஸ் ஒரு பக்கம் பறந்தது, இன்னொன்று மறுபக்கம். கம்பளிக் காலுறையோடு, ஓவர்கோட்டோடு, ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டே குளத்தின் விளிம்புக்குப் போய் மண்டியிட்டாள். மாமிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஓர் இடம் காலி. அதற்குப் பக்கத்தில், கண்களை மூடிக்கொண்டு அவன்.

"காலைத் தூக்குங்க," என்றாள்.

கண்கள் திறந்தன. இடுக்கிப் பார்த்தன. "ஷரோல்தா?"

"கால். தண்ணிக்கு மேல."

"எதுக்கு?"

"டாக்டர்! சொன்னதைச் செய்யுங்க."

வெந்நீரை விலக்கிக்கொண்டு ஒரு கால் மெல்ல வெளியே வந்தது. சிவந்து, ஆவி பறக்க... வெறும் கணுக்கால். ஈயமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அட, எடையே இல்ல!" என்றாள் ஒரு மாமி.

"மூணு நாளா நான் மட்டும் நாலு கிலோவைச் சுமந்துக்கிட்டுத் தொங்கறேன். இந்தத் திருட்டுப் பயலைப் பாருடி!" என்றாள் இன்னொருத்தி.

ஷரோல்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஏன் சொல்லல?"

"நேத்து சொல்லவிட்டீங்களா?" காலை இறக்கிவிட்டு அவன் சொன்னான். சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. பட்டை கழுத்தை அறுக்க, முடிந்த மட்டும் அவள் பக்கம் திரும்பிச் சொன்னான். "முதல் நாள் யோலி அக்கா கேட்டுக்கிட்டாங்க. பாவம்னு நெனச்சுத்தான் பேச ஆரம்பிச்சேன், ஒத்துக்கறேன். மூணே நிமிஷம். அப்புறம் நீங்க சிரிச்சீங்க. அதுலேர்ந்து பாவம் நான்தான்."

அவள் விளிம்பில் இன்னும் குனிந்தாள்.

"ரெண்டாம் நாள் பேசச் சொல்லி யாரும் கேக்கல. நாலாம் நாளும் கேக்கல. ஃபாங்க்கைத் தின்னது தெரிஞ்சேதான். அன்னிக்கே அம்மாவுக்கு போன் பண்ணி, நான் பாதி தின்னுட்டேம்மான்னு சொல்லிட்டேன். அவங்க சந்தோஷத்துல அழுதுட்டாங்க." ஒரு கணம் நிறுத்தினான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, ஷரோல்தா. ரொம்ப. இதையெல்லாம் முழங்கால் போட்டுச் சொல்லணும்னு தெரியும்... இங்க முழங்கால் எங்க இருக்குன்னே தெரியல."

மாமிகள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு தொங்கினார்கள்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள் ஷரோல்தா. உள்ளேயிருந்து அதுதான் முதலில் வந்தது. "ஒரு தடவை நம்பிட்டேன். மறுபடியும் அப்படி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. சேந்தே பயப்படலாமே."

"நான் உங்களைவிட மூணு வயசு பெரியவ."

"அதனாலதான் எட்டு நாளா காத்திருக்கேன். வயசுல பெரியவங்க, அதுலயும் பொண்ணு... நீங்களா 'நீ'ன்னு சொல்லச் சொன்னாத்தான் நான் சொல்ல முடியும்."

அவள் ஓவர்கோட்டின் கையோடு கையைத் தண்ணீருக்குள் விட்டாள். சூடான விரல்கள் அவள் விரல்களைத் தேடி வந்து பற்றிக்கொண்டன.

"சொல்லு," என்றாள். "உன்னை எனக்கும் பிடிச்சிருக்கு, தேனெஷ். முதல் நாள்லேர்ந்தே... இப்ப நீ சொல்லு."

"ஷாரி..." அவன் விரல்கள் இறுகின. "நீ போகாதே."

அவள் எழுந்தாள். கோட்டின் கையிலிருந்து வெந்நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கதவருகே மேலங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த யோலி அக்காவிடம் போய், தன் குளியல் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட காரை அணைக்கச் சொல்லுங்கக்கா. நான் துணி மாத்திக்கிட்டு வந்துடறேன்."

"சரி கண்ணு... எடை நேத்து போட்ட அளவே போடட்டுமா?"

"எடை வேண்டாம்க்கா," என்றாள் ஷரோல்தா. "பக்கத்துல மாட்டி விடுங்க, போதும்."